பார்வைக் கோடும் பெல்லட்டின் வளைவும்

ஏர் ரைபிளின் மேல் ஸ்கோப்பைப் பூட்டிவிட்டால் பெல்லட் நேராகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பெல்லட் போகும் வழியில் ஸ்கோப்புக்கு எள்ளளவும் பங்கில்லை. குழல், ஈயம், காற்று, புவியீர்ப்பு ஆகிய நான்கும் சேர்ந்துதான் அந்த வழியைத் தீர்மானிக்கின்றன. ஸ்கோப் குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்து, தன் போக்கில் ஒரு நேர்கோட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெல்லட் கீழிருந்து கிளம்பி வளைந்து போகிறது. நேர்கோட்டையும் வளைவையும் நாம் சொல்லும் தூரத்தில் சந்திக்க வைப்பது, சந்தித்த இடம் அடுத்த நாளும் மாறாமல் பார்த்துக்கொள்வது: பொருத்துவதும் சரிசெய்வதும் இவ்வளவுதான். விலை உயர்ந்த ஸ்கோப் வாங்கியும் குறி தப்புகிறது என்றால், கண்ணாடியைச் சந்தேகிக்கும் முன் பூட்டிய விதத்தைச் சந்தேகிப்பதே அறிவுடைமை.

இதை விளக்க இங்கிலாந்தில் பிறந்த ‘ஃபீல்டு டார்கெட்’ என்ற விளையாட்டைவிடப் பொருத்தமான களம் இல்லை. 1980-களில் அங்கே வேரூன்றிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. மரங்களுக்கிடையில் பறவை, விலங்கு வடிவத்தில் உலோகத் தகடுகளை நட்டுவைப்பார்கள். தகட்டில் வட்டமாக ஒரு துளை. அதன் விட்டம் 15 மி.மீ முதல் 40 மி.மீ வரை. பெல்லட் துளைக்குள் புகுந்து பின்னாலுள்ள சிறு தட்டைத் தொட்டால் தகடு மடங்கி விழும். துளையின் விளிம்பைத் தாண்டித் தகட்டில் பட்டால் விழாது, புள்ளியும் கிடையாது. 7 மீட்டரிலும் இலக்கு இருக்கும், 50 மீட்டரிலும் இருக்கும். எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அளவுநாடா, லேசர் எதற்கும் அனுமதி இல்லை. ரைபிளின் ஆற்றல் சுமார் 16 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டினால் இங்கிலாந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

16 ஜூல் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 4.5 மி.மீ பெல்லட் அரை கிராமைச் சற்றே தாண்டும். அது குழல்வாயை விட்டு நொடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் வேகத்தில் வெளியேறும். ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 45 மி.மீ மேலே இருப்பதாகவும், 30 மீட்டரில் குறி சரியாக விழும்படி அமைத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பெல்லட் பார்வைக் கோட்டுக்குக் கீழே தொடங்குகிறது. 10 மீட்டரில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கீழேதான் இருக்கிறது. 15 மீட்டர் அருகே கோட்டைக் கீழிருந்து மேலாகக் கடக்கிறது. 22 மீட்டர் சுமாருக்கு 6 மி.மீ மேலே ஏறி, பின் இறங்கி, 30 மீட்டரில் மறுபடி கோட்டைத் தொடுகிறது. அதன்பின் வீழ்ச்சி வேகமெடுக்கிறது: 35 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர், 40-இல் சுமார் 3, 50-இல் 8 சென்டிமீட்டருக்கு மேல். குறி சரியாக விழும் தூரத்தை ஜீரோ என்பார்கள். ஆக, ஒரு ஜீரோ என்று நாம் பேசினாலும் உண்மையில் இரண்டு ஜீரோக்கள் இருக்கின்றன, ஒன்று அருகில், ஒன்று தொலைவில். 12-லிருந்து 33 மீட்டர் வரை ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கிழையை இலக்கில் நேராக வைத்துச் சுட்டாலே ஒரு சிறு நாணயத்துக்குள் விழும். அதற்கு வெளியே போனால் கணக்குத் தெரியாமல் காரியம் ஆகாது.

அந்தக் குறுக்கிழை எங்கிருந்து வந்தது? 1611-இல் ஜோஹன்னஸ் கெப்லர் இரண்டு குவிலென்ஸ்களைக் கொண்ட தொலைநோக்கியை எழுத்தில் விவரித்தார். கலிலியோ பயன்படுத்தியதில் கண்ணருகே இருந்தது குழிலென்ஸ். அதன் குழாய்க்குள் எங்கும் பிம்பம் உருவாவதில்லை. கெப்லரின் அமைப்பில் பொருளருகு லென்ஸ் குழாய்க்குள்ளேயே ஓர் உண்மைப் பிம்பத்தை விழவைக்கிறது, தலைகீழாக. 1630-களின் இறுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளம் வானியலாளர் இப்படிப்பட்ட தொலைநோக்கியோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த குழாய்க்குள் ஒரு சிலந்தி இழை பின்னிவிட்டுப் போனது. அந்த இழை விழுந்த இடம் பிம்பம் விழும் அதே தளம். கண்ணருகு லென்ஸ் வழியாகப் பார்த்தால் தொலைவிலுள்ள பொருளும் இழையும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தன. கண் இரண்டுக்கும் மாறிமாறிக் குவிய வேண்டிய அவசியம் தீர்ந்துபோனது. காஸ்கோய்ன் இதை வானத்தை அளக்கும் கருவியாக்கினார். 1644-இல், முப்பத்திரண்டு வயதைத் தாண்டாமலே, மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் இறந்தார். இன்று எந்த ஸ்கோப்பை எடுத்தாலும் உள்ளே இருப்பது அவர் கண்ட உண்மைதான்: குறுக்கிழையும் பிம்பமும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும்.

தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்த, ஸ்கோப்புக்குள் இன்னொரு சிறு குழாயில் லென்ஸ்கள் இருக்கின்றன. இந்த உள்குழாயின் ஒரு முனை ஊசலாடும்படி விடப்பட்டிருக்கும். மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள திருகுக்குமிழ்கள் அதை ஒரு பக்கமிருந்து தள்ளும்; எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். குமிழைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் பொதுவாகக் கால் கோண நிமிடம். ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் 29 மி.மீ அகலம். அப்படியானால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ, 30 மீட்டரில் 2 மி.மீ, 10 மீட்டரில் முக்கால் மி.மீ. பொருளருகு லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ என்று கொண்டால், ஒரு கிளிக்குக்கு உள்ளே நிகழும் நகர்வு 15 மைக்ரான் அளவே. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய நகர்வை நம்பியிருக்கும் கருவியைத்தான் சுத்தியல் அடிபோல் அதிரும் ஓர் இயந்திரத்தின் மேல் பூட்டுகிறோம்.

அந்த அதிர்வு வினோதமானது. வெடிமருந்துத் துப்பாக்கி ஒரே திசையில், பின்னோக்கி உதைக்கும். அதற்கென்று செய்த ஸ்கோப்பில் லென்ஸ்களும் இழையும் அந்தத் திசை உதையைத் தாங்கும்படி இறுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் இருமுறை உதைக்கிறது, இரண்டு திசைகளில். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. 250 கிராம் பிஸ்டன் 80 மி.மீ முன்னால் ஓடினால், 4 கிலோ ரைபிள் உந்த அழிவின்மை விதிப்படி ஏறக்குறைய 5 மி.மீ பின்னால் நகர்ந்தாக வேண்டும். இது முதல் உதை, சற்று மென்மையானது. பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் அறைக்குள் நசுங்கிய காற்று மெத்தையில் முட்டித் திடீரென்று நிற்கிறது. நிற்கும் அந்தக் கணத்தில் அதன் உந்தம் முழுவதும் ரைபிளை முன்னோக்கி இழுக்கிறது. ஓடுவதற்கு 80 மி.மீ கிடைத்தது, நிற்பதற்குச் சில மி.மீ மட்டுமே. ஆகவே இரண்டாவது உதை முதலாவதைவிடப் பலமடங்கு கூர்மையானது. பெரிய வேட்டைத் துப்பாக்கியின் மேல் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஸ்கோப், பார்ப்பதற்குச் சாதுவான ஸ்பிரிங் ரைபிளின் மேல் ஒரே வாரத்தில் இழை அறுந்தோ லென்ஸ் கழன்றோ போவதற்கு இதுவே காரணம். அதனால் ஏர் ரைபிளுக்கென்று, இருதிசை உதையைத் தாங்கும் என்று சொல்லி விற்கும் ஸ்கோப்பைத்தான் வாங்கவேண்டும். அழுத்திய காற்றைக் கலத்தில் அடைத்துச் சுடும் பி.சி.பி. வகை ரைபிள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை ஏறக்குறைய அசையாமல் சுடுகின்றன.

ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் மவுண்டையும் இரண்டாவது உதை விடாது. ரைபிள் வெடுக்கென்று முன்னால் போகும்போது ஸ்கோப் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ரைபிளின் கணக்கில் அது பின்னால் வழுக்குகிறது. ஒரு குண்டுக்கு ஒரு மயிரிழை வழுக்கினாலும் நூறு குண்டுகளில் மவுண்ட் கண் பக்கமாக நகர்ந்து வந்துவிடும். பெரும்பாலான ஏர் ரைபிள்களின் மேற்பகுதியில் மவுண்ட் கவ்விக்கொள்ள 11 மி.மீ அகல டவ்டெயில் வெட்டியிருப்பார்கள். அதன் பின்புறத்தில் ஒன்றிரண்டு சிறு குழிகள் இருந்தால் அவை அலங்காரத்துக்கு அல்ல. மவுண்டின் அடியிலிருந்து இறங்கும் நிறுத்து ஊசி அந்தக் குழிக்குள் அமரவேண்டும். உராய்வை மட்டும் நம்பி, திருகை மேலும் மேலும் முறுக்குவது மவுண்டின் பற்களையும் டவ்டெயிலையும் தின்னும். ஊசி ஒன்று அந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்துவிடும்.

பூட்டும் வேலையில் அவசரம் கூடாது. டவ்டெயிலிலும் மவுண்டின் வளையங்களின் உட்புறத்திலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் வீண். வளையங்களைத் தளர்வாகப் போட்டு, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏந்தி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறக்கவேண்டும். காட்சி வட்டம் கருப்பு விளிம்பில்லாமல் முழுதாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின்னாக நகர்த்த வேண்டும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே வழக்கமாக 75 முதல் 90 மி.மீ வரை வரும். கழுத்தை நீட்டியோ சுருக்கியோ பார்க்கும்படி ஸ்கோப்பை வைத்தால், தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அமரும். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம். மேல் வளையங்களின் திருகுகளைக் குறுக்குமறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி கொண்டுவர வேண்டும். 2 நியூட்டன் மீட்டர் முறுக்கே பெரும்பாலும் போதும். சிறிய ஆலன் சாவியின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்துத் திருப்பினால் அந்த அளவை எளிதில் மீறமுடியாது. அளவுக்கு மீறினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி, உள்குழாய் நகர முடியாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது கிளிக் சத்தம் கேட்கும், குறி நகராது.

குறுக்கிழையை நிமிர்த்துவதில் பலரும் ரைபிளையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். ரைபிளின் முதுகில் ஒரு சிறு ரசமட்டம், ஸ்கோப்பின் தலையில் இன்னொன்று, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று மணிக்கணக்கில் போராடுவார்கள். பெல்லட்டைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. ஆகவே இழையின் நெடுக்குக்கோடு புவியீர்ப்பின் திசைக்குத்தான் ஒத்துப்போக வேண்டும். சுவரோரம் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைபிளை வழக்கம்போல் ஏந்தி, நெடுக்குக்கோடு அந்த நூலோடு ஒன்றும்படி ஸ்கோப்பை வளையத்துக்குள் திருப்பினால் வேலை முடிந்தது. ரைபிள் 3 டிகிரி சாய்ந்திருந்து இழை மட்டும் நிமிர்ந்திருந்தால் நமக்கு நேரும் பிழை அற்பம்: குழல் பார்வைக் கோட்டிலிருந்து 2 மி.மீட்டருக்குச் சற்று மேல் பக்கவாட்டில் தள்ளி நிற்கும், 30 மீட்டரில் ஜீரோ செய்தால் 50 மீட்டரில் பெல்லட் 2 மி.மீ கூட விலகாது. ஆனால் இழையும் சேர்ந்து அதே 3 டிகிரி சாய்ந்தால் கதை வேறு. 50 மீட்டருக்குள் புவியீர்ப்பு பெல்லட்டைச் சுமார் 25 செ.மீ இழுக்கிறது. அதை ஈடுகட்ட நாம் கொடுத்த ஏற்றம் இப்போது சாய்வாகப் போகிறது. பெல்லட் 13 மி.மீ பக்கவாட்டில் விலகி விழுகிறது. சுடுபவர் காற்று தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அனுபவசாலிகள் ஸ்கோப்பின் மேல் ஒரு குட்டி ரசமட்டத்தை நிரந்தரமாகவே பூட்டிவைப்பது இதற்காகத்தான்.

மடக்குக் குழல் ரைபிள்களில் இன்னொரு சிக்கல். குழல் கீலில் மடங்கித் திரும்புவதால், டவ்டெயிலுக்கு இணையாக நிற்காமல் முனை சற்றுத் தாழ்ந்திருப்பது உண்டு. அப்படிப்பட்ட ரைபிளில் குறியை மேலே கொண்டுவர ஏற்றக் குமிழை எல்லைவரை திருகவேண்டி வரும். எல்லையில் உள்குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் விரிந்து தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த ஸ்பிரிங் உள்குழாயை உறுதியாகப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு உதைக்கும் அது வேறொரு இடத்தில் அமரும். ‘நேற்று சரியாக இருந்தது, இன்று மாறிவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. குமிழ் நடுவில் இருக்க, சாய்வை மவுண்டில் கொடுப்பதே சரியான மருந்து. வளையங்களுக்கிடையே 100 மி.மீ இருந்தால், பின் வளையத்தின் அடியில் வைக்கும் 0.1 மி.மீ தகடு 30 மீட்டரில் குறியை 30 மி.மீ உயர்த்தும், 14 கிளிக்குகளுக்கு ஈடு. குளிர்பானக் கேனின் அலுமினியத் தகடு ஏறக்குறைய இந்தத் தடிமன்தான். ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டியிருந்தால் தகடுகளை அடுக்காமல், சாய்வு சரிசெய்யக்கூடிய மவுண்டை வாங்கிவிட வேண்டும். அடுக்கினால் இரு வளையங்களின் அச்சும் பிசகி ஸ்கோப்பின் குழாயை வளைக்கும்.

குமிழ் நடுவில் இருக்கிறதா என்று அறிய ஓர் அழகான வழி உண்டு. உருப்பெருக்கத்தைக் குறைத்து, தூரக் குவியத்தை முடிவிலியில் வைத்து, ஸ்கோப்பின் முன்முனையை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டினாற்போல் நிறுத்தி உள்ளே பார்த்தால், குறுக்கிழையும் அதன் மங்கலான பிரதிபிம்பமும் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை குமிழ்களைத் திருப்பினால் இழை ஒளியியல் மையத்துக்கு வந்துவிட்டது. ரைபிளில் பூட்டும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

இனி தலை இடம் மாறுவதன் விளைவு. பள்ளி ஆய்வகத்தில் அம்மீட்டரின் முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி பார்த்தால்தான் அளவு சரி. முள் ஒரு தளத்திலும் அளவுகோல் இன்னொரு தளத்திலும் இருப்பதால் வரும் இடமாறு தோற்றப்பிழை அது. காஸ்கோய்னின் சிலந்தி இழை பிம்பத் தளத்திலேயே விழுந்ததால் இந்தப் பிழை அவருக்கு வரவில்லை. நட்சத்திரங்கள் எல்லாமே முடிவிலியில் இருப்பவை. நம் இலக்கு ஒருமுறை 10 மீட்டரில், ஒருமுறை 50 மீட்டரில். இலக்கு அருகில் வந்தால் பிம்பம் இழையைத் தாண்டிப் பின்னால் விழும். கண்ணைச் சற்று அசைத்தால் இழை இலக்கின் மேல் ஊரும்.

எவ்வளவு ஊரும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பொருளருகு லென்ஸின் ஆரத்தை, இலக்கின் தூரத்துக்கும் ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, சரிசெய்யப்பட்ட தூரத்தால் வகுத்தால் அதிகபட்சப் பிழை கிடைக்கும். வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்புகள் வழக்கமாக 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டவை. 40 மி.மீ லென்ஸ் உள்ள அப்படியொரு ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால் பிழை 18 மி.மீ வரை போகலாம். 15 மி.மீ துளையைக் குறிவைக்கிறவருக்கு இது தோல்வியே. 30 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப் என்றால் 10 மீட்டரிலும் 50 மீட்டரிலும் 13 மி.மீ. கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் வைப்பவருக்குப் பிழை பெரிதாக வராது. இருந்தாலும் தூரத்துக்கேற்ப குவியத்தை மாற்றும் வளையமோ பக்கச் சக்கரமோ உள்ள ஸ்கோப்பே ஏர் ரைபிளுக்குத் தகும் என்பது என் உறுதியான கருத்து. உருப்பெருக்கத்துக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

ஃபீல்டு டார்கெட் ஆட்டக்காரர்கள் இந்தக் குறையையே அளவுகருவியாக்கிவிட்டார்கள். பிம்பம் கூர்மையாகும்வரை பக்கச் சக்கரத்தைத் திருப்பி, சக்கரத்தின் விளிம்பில் எழுதிய எண்ணைப் படித்தால் இலக்கின் தூரம் தெரிந்துவிடும். எவ்வளவு துல்லியமாக? 200 மி.மீ குவியத் தூரத்தில், இலக்கு 10 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குப் போனால் பிம்பம் 1.4 மி.மீ நகரும். 45-லிருந்து 50-க்குப் போனால் 0.09 மி.மீ மட்டுமே. ஆனால் அந்தக் கடைசி 5 மீட்டரில்தான் பெல்லட் 3 செ.மீ வீழ்கிறது. இதனால் அவர்கள் சாப்பாட்டுத் தட்டு அளவுச் சக்கரங்களை மாட்டி, உருப்பெருக்கத்தை 40, 50 என்று ஏற்றி அந்த நுண்ணிய நகர்வைப் பிடிக்கிறார்கள். வெயில் ஏறினால் குழாயும் லென்ஸும் விரிந்து சக்கரத்தின் எண்கள் பிசகும் என்பதால், வெயிலுக்கும் குளிருக்கும் தனித்தனிக் குறிப்புகள் வைத்திருப்பவர்களும் உண்டு.

சுட்டு ஜீரோ செய்வது கடைசி வேலை. 16 ஜூல் பெல்லட் தோலைத் துளைக்கும், கண்ணைப் பறிக்கும். கடினமான பரப்பில் பட்டால் திரும்பியும் வரும். இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டையோ பெல்லட் பிடிக்கும் பெட்டியோ இருக்கவேண்டும், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கவேண்டும். இந்தியாவில் காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காகித அட்டைதான் நம் இலக்கு. 10 மீட்டரில் தொடங்கி ஐந்து குண்டு சுடவேண்டும். முதல் குண்டு தப்பியதும் குமிழைத் திருப்பக்கூடாது. ஒரு குண்டு எங்கே விழுந்தது என்பதில் ரைபிளின் இயல்பான சிதறலும் கலந்திருக்கிறது. ஐந்தின் நடுப்புள்ளியில் அந்தச் சிதறல் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். நடுப்புள்ளி குறிக்கு 40 மி.மீ கீழே இருந்தால் 55 கிளிக் மேலே. பிறகு 30 மீட்டருக்குப் போய் அதே முறையில் நுணுக்கிக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் ரைபிளை இதற்காக மேசையிலோ கட்டையிலோ அழுத்தி வைத்துச் சுடுவது வீண். பிஸ்டன் ஓடத் தொடங்கிய பிறகும் பெல்லட் குழலுக்குள்தான் இருக்கிறது; அந்த நேரத்தில் ரைபிள் எப்படி நகர்கிறதோ அப்படித்தான் பெல்லட்டும் திசை பெறும். அழுத்திப் பிடித்தால் ஒரு மாதிரி நகரும், தளர்வாகப் பிடித்தால் வேறு மாதிரி. திறந்த உள்ளங்கையில் முன்கட்டையைக் கிடத்தி, அதன் போக்கில் உதைக்க விடுங்கள். களத்தில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்து ஜீரோ செய்யுங்கள்.

மேலே தந்த தூரங்களும் வீழ்ச்சிகளும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கும் ஒரு ஸ்கோப் உயரத்துக்கும் போட்ட கணக்கு. உங்கள் ரைபிளின் எண்கள் வேறாகத்தான் இருக்கும். ஜீரோ ஆனபின் குமிழைத் தொடாமல் 10 மீட்டரிலிருந்து ஐந்தைந்து மீட்டராகத் தள்ளிப்போய்ச் சுட்டு, ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளந்து, அந்த அட்டவணையை ஸ்கோப் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பெல்லட்டின் வகையை மாற்றினால் அட்டவணையையும் புதிதாக எழுதவேண்டும்.